முகப்பு அனிமேஷன் மூன்று முறைக்கு மேல் வரக்கூடாது: குக்கி போட்டும் கணக்கு தப்புகிறது

நாலாம்பக்கம்:

வணக்கம் நண்பர்களே. நானும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு சின்ன வாசிப்புத் தளம் நடத்துகிறோம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுக் கட்டுரைகள் போடுவோம். தளத்தைத் திறந்ததும் தலைப்பின் எழுத்துகள் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஓடிவந்து சேரும், அதற்கு ஆறு நொடி ஆகும், பின்னணியில் அலை மாதிரி ஒன்று நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆசை ஆசையாகச் செய்தது. போன மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். கட்டுரைக்காகத்தான் வருகிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த எழுத்துகள் ஓடி முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

அதனால் புதிதாக வருகிறவருக்கு மூன்று முறை மட்டும் காட்டுவது, நான்காவது முறையிலிருந்து தலைப்பு சும்மா நிற்பது என்று முடிவு செய்தோம். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு குக்கி (வாசகரின் பிரௌசரில் தளம் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு) வைத்தேன், அதில் எண்ணிக்கை, காலக்கெடு 30 நாள். பக்கம் திறக்கும்போது குக்கியைப் படிக்கிறேன், மூன்றுக்குக் கீழே இருந்தால் அனிமேஷனை ஓட்டிவிட்டு ஒன்றைக் கூட்டித் திரும்ப எழுதுகிறேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் நடப்பது வேறு. இரண்டே முறை ஓடிவிட்டு மூன்றாவது முறை வருவதில்லை. சரி, ஒன்று குறைந்தால் போகட்டும் என்று விட்டால், தேடலில் வந்து நேராகக் கட்டுரைப் பக்கத்தில் இறங்குகிறவர்கள் அங்கே முழுவதும் பார்த்துவிட்டு முகப்புக்குப் போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. ஐபோன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தனக்கு ஒவ்வொரு இதழுக்கும் வந்துகொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை என்கிறார். இதையெல்லாம் சோதிக்கலாம் என்று ஃபைலை என் கணினியில் டபுள் கிளிக் செய்து குரோமில் திறந்தால் குக்கியே பதிவாவதில்லை.

நான்கும் ஒரே தவறால் வருகிறதா, வேறு வேறா என்றுகூடத் தெரியவில்லை. குக்கியை விட்டுவிட்டு, பிரௌசரிலேயே தங்கி சர்வருக்குப் போகாத லோக்கல் ஸ்டோரேஜுக்குப் போய்விடலாமா? சர்வர் எங்களுடையதுதான், அதில் பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் ஓடும்.

தறிநூல்:

நான்கும் நான்கு வேறு விஷயங்கள். சுலபமானதிலிருந்து வருகிறேன்.

இரண்டு முறையோடு நிற்பது கூட்டலில் இருக்கும் கோளாறு. குக்கியில் நீங்கள் எதை வைத்தாலும் அது எழுத்தாகத்தான் திரும்பி வரும், எண்ணாக வராது. முதல் வருகையில் குக்கி இல்லை, நீங்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள், அது உண்மையான எண், ஒன்றைக் கூட்டினால் 1. அதை எழுதிவிடுகிறீர்கள். இரண்டாம் வருகையில் திரும்பி வருவது "1" என்ற எழுத்து. மூன்றைவிடச் சின்னதா என்று கேட்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தானாகவே எண்ணாக்கிப் பார்த்துவிடும், அதனால் அங்கே பிரச்சினை தெரியாது, அனிமேஷன் ஓடும். ஆனால் எழுத்தோடு ஒன்றைக் கூட்டு என்றால் அது கூட்டாது, பக்கத்தில் ஒட்டும். "1"க்குப் பக்கத்தில் 1, அதாவது 11. மூன்றாம் வருகையில் 11 மூன்றைவிடப் பெரியது, கதை முடிந்தது. படித்த உடனே நம்பர் ஃபங்ஷனில் போட்டு எண்ணாக்கிவிடுங்கள். இப்போதே பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து குக்கிப் பட்டியலைப் பாருங்கள், அதில் 11 உட்கார்ந்திருக்கும்.

கட்டுரைப் பக்கத்திலும் முகப்பிலும் தனித்தனியாக எண்ணுவது பாத் சமாச்சாரம். குக்கி எழுதும்போது பாத் என்னவென்று சொல்லாவிட்டால், எந்தப் பக்கம் எழுதியதோ அந்தப் பக்கம் இருக்கும் ஃபோல்டரைப் பிரௌசர் தானாக எடுத்துக்கொள்ளும். கட்டுரைகள் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் பக்கம் எழுதினால் அந்தக் குக்கி கட்டுரைகளுக்குள் மட்டும் தெரியும், முகப்புக்குத் தெரியாது. முகப்பு தன் பங்குக்குப் புதிதாக ஒன்று எழுதும். இதில் மோசமான பகுதி என்னவென்றால் அதற்குப் பிறகு கட்டுரைப் பக்கத்துக்குப் போனால் ஒரே பெயரில் இரண்டு குக்கி தெரியும், நீளமான பாத் உள்ளது முதலில் வரும், நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. எழுதும் வரியில் பாத் என்று போட்டு ஒற்றைச் சாய்கோடு கொடுங்கள், தளம் முழுவதற்கும் ஒரே குக்கி ஆகிவிடும். ஏற்கெனவே வாசகர்களிடம் தங்கிவிட்ட பழைய குக்கி தானாகப் போகாது, அதை அழிக்க அதே பெயர், அதே பழைய பாத், மேக்ஸ்-ஏஜ் (குக்கியின் ஆயுள்) பூஜ்யம் என்று ஒருமுறை எழுத வேண்டும். பாத் கொஞ்சம் மாறினாலும் அழியாது. அதைவிட, குக்கியின் பெயரையே மாற்றிவிடுவது எளிது, பழையவை காலக்கெடு முடிந்து தானாக உதிர்ந்துவிடும்.

டபுள் கிளிக் செய்து திறந்தால் பதிவாகாதது உங்கள் தவறே இல்லை. நேராக டிஸ்கிலிருந்து திறக்கும் ஃபைலுக்குக் குரோம் குக்கி வைத்துக்கொள்ளாது. பிஎச்பி இருக்கிறதே, அதனுடன் வரும் சின்ன சர்வரை உங்கள் கணினியிலேயே ஓட்டி லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறந்து பாருங்கள், பதிவாகும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதும்போதும் காலக்கெடுவைச் சேர்த்தே எழுதுங்கள். 30 நாள் என்றால் 2592000 நொடி. முதல் முறை கொடுத்தாயிற்றே என்று விட்டுவிட்டால் புதிதாக எழுதியது செஷன் குக்கியாகிவிடும், பிரௌசரை மூடினால் போய்விடும்.

ஐபோன் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் நான் சஃபாரியில் வேலை செய்ததில்லை.

வேப்பங்குச்சி:

இவ்வளவு பாடு எதற்கு? லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு வரி போட்டால் முடிந்தது. குக்கி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வருக்குப் போய்வந்துகொண்டிருக்கும், சர்வருக்கு இந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை. பாத் தொல்லையும் அங்கே இல்லை.

பின்னிரவு:

வேப்பங்குச்சி சொல்வதில் பாதிக்கு மேல் சரி, சாதாரணமாக நானும் அதையே சொல்வேன். ஆனால் இவருடைய தளத்துக்கு ஐபோன்தான் முடிச்சு, அங்கே லோக்கல் ஸ்டோரேஜ் கைகொடுக்காது.

2019-லிருந்து சஃபாரி ஒரு விதி வைத்திருக்கிறது: பக்கத்தின் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிக்கு நீங்கள் 30 நாள் கேட்டாலும் ஒரு வருடம் கேட்டாலும் 7 நாள்தான். விளம்பரக்காரர்கள் ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்கக் கொண்டுவந்தது, நம்மைப் போன்றவர்களும் அதில் அகப்பட்டுக்கொள்கிறோம். அடுத்த வருடமே லோக்கல் ஸ்டோரேஜையும் அதில் சேர்த்துவிட்டார்கள்: சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தியும் வாசகர் உங்கள் தளத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் அங்கே நீங்கள் வைத்ததெல்லாம் போய்விடும். இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். இதழ் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. உங்கள் நண்பர் இதழ் வந்ததும் வருகிறார், படிக்கிறார், போகிறார். அடுத்த இதழுக்கு வரும்போது எட்டு நாளைக்கு முன்பே குக்கி செத்துவிட்டது. உங்கள் தளத்துக்கு அவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள். தினமும் வருகிற தளமாக இருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

சர்வர் அனுப்பும் குக்கிக்கு இந்த ஏழு நாள் விதி கிடையாது. ஆகையால் எழுதும் வேலையைச் சர்வரிடம் கொடுங்கள், படிக்கும் வேலை பிரௌசரிலேயே இருக்கட்டும். பிஎச்பியில் ஒரு குட்டி ஃபைல் வையுங்கள், அது செய்வது ஒன்றே ஒன்று, எண்ணிக்கையைக் கூட்டிக் குக்கியைத் திருப்பி அனுப்புவது. அனிமேஷன் தொடங்கும்போது ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை ஒரு தடவை கூப்பிட்டால் போதும். இரண்டு இடத்தில் கால் இடறும்: பிஎச்பியில் குக்கி அனுப்பும் வரிக்கு முன்னால் ஒரு வெற்றிடம்கூட வெளியே போயிருக்கக் கூடாது, போயிருந்தால் ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல், குக்கி அதில்தான் போகும்) ஏற்கெனவே போய்விட்டது என்று எச்சரிக்கை வரும், குக்கி போகாது. அடுத்தது, பாதுகாப்பு என்று எங்கேயோ படித்துவிட்டு ஹெச்டிடிபி-ஒன்லி என்ற கொடியைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஸ்கிரிப்டால் அந்தக் குக்கியைப் படிக்கவே முடியாது. கடவுச்சொல் சம்பந்தப்பட்ட குக்கிக்கு அது கட்டாயம் வேண்டும், இதற்கு வேண்டாம். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட்டுக்கு லாக்ஸ் போதும்.

முழுப் பக்கத்தையும் பிஎச்பியிலேயே குக்கி பார்த்து இரண்டு விதமாக அனுப்பலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குத் தளத்துக்கு முன்னால், பக்கங்களின் நகலைச் சேமித்துக் கொடுக்கும் ஒரு கேச் வைப்பீர்கள், அது முதலில் வந்தவருக்குப் போன பக்கத்தை எல்லோருக்கும் கொடுக்கும். புதியவர் அசையாத பக்கத்தைப் பார்ப்பார், பத்தாவது முறை வந்தவருக்கு எழுத்துகள் ஓடும்.

எப்போது எண்ணுவது என்பதும் யோசிக்க வேண்டியது. என் கருத்து, அனிமேஷன் தொடங்கும் நொடியிலேயே எண்ணிவிட வேண்டும், முடிந்த பிறகு அல்ல. முழுதாகப் பார்த்தவரை மட்டும் கணக்கில் எடுப்பது நியாயம் மாதிரி தெரியும். ஆனால் பாதியில் பக்கத்தை மூடிவிட்டுப் போனவர் யார்? அது பிடிக்காமல் போனவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவருக்குத்தான் அடுத்த முறையும் முதலிலிருந்து காட்டுவீர்கள். அதே சமயம் பின்னால் ஒரு டேபில் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதவர்களும் உண்டு, அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே எண்ணிக்கை ஏறிவிடும். பக்கம் திரையில் தெரிகிறதா என்று பிரௌசரிடம் கேட்கலாம், விசிபிலிட்டி ஸ்டேட் என்று ஒன்று இருக்கிறது, விசிபிள் என்று வந்தால் மட்டும் ஓட்டுங்கள், எண்ணுங்கள். மறைந்திருந்தால் அது மாறும்வரை காத்திருங்கள்.

ஒரு சின்னச் செய்தி, இந்த இழைக்குப் பொருத்தமாக இருப்பதால் சொல்கிறேன். 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியை உருவாக்கியபோது அதன் முதல் பயன்பாடே, நெட்ஸ்கேப் தளத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே வந்தவரா என்று பார்ப்பதுதான். நீங்கள் செய்ய நினைப்பது குக்கி எதற்காகப் பிறந்ததோ அதே வேலை.

நாலாம்பக்கம்:

தறிநூல், பின்னிரவு இருவருக்கும் மிக்க நன்றி. டெவலப்பர் டூல்ஸைத் திறந்தேன், 11 அங்கேயே இருந்தது! கட்டுரைப் பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு குக்கியும் இருந்தன, ஒன்றில் 11, இன்னொன்றில் 1. நம்பர் போட்டாயிற்று, பாத் போட்டாயிற்று, பெயரையும் மாற்றிவிட்டேன், குட்டி பிஎச்பி ஃபைலும் எழுதிவிட்டேன். எண்ணிக்கை இப்போது சரியாக இருக்கிறது.

ஆனால் நான்காவது வருகையில் புதிதாக இரண்டு பிரச்சினை. அனிமேஷன் வேண்டாம் என்று முடிவாகும் முன் முதல் எழுத்து ஒரு துளி தூரம் ஓடிவந்து சட்டென்று காணாமல் போகிறது, வெட்டு விழுந்த மாதிரி. அதைவிட மோசம், அதற்குப் பிறகு தலைப்பே தெரிவதில்லை. அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. அனிமேஷனை ஓட்டும் கிளாஸை (உறுப்புக்குக் கொடுக்கும் அடையாளப் பெயர்) நீக்கத்தான் செய்தேன், வேறு எதையும் தொடவில்லை.

மெல்லநட:

உங்கள் வாசகர் கடிதத்தைப் படித்தபோது நான் எழுதியது போலவே இருந்தது, அதனால்தான் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். எனக்கு உட்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் கோளாறு. திரையின் பெரும்பகுதி ஒரு பக்கமாக நகர்ந்தால் உடம்பு தான்தான் நகர்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறது, கால் தரையில் இருக்கிறது, கண் ஓடுகிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் தலை சுற்றும், குமட்டும். ஆறு நொடி பார்த்தால் சில நாள் ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கும். சின்னதாக நிறம் மாறுவது, மங்கித் தெளிவது எதுவும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பக்கவாட்டில் ஓடுவது, பெரிதாகிக்கொண்டே நெருங்கி வருவது, உங்கள் அலை மாதிரி பின்னணி ஒரு வேகத்திலும் முன்னால் இருப்பது வேறு வேகத்திலும் போவது, இவைதான்.

மூன்று முறை மட்டும் என்கிறீர்கள். உங்கள் எண்ணம் நல்லது, ஆனால் எனக்கு முதல் முறையே ஒரு முறை அதிகம். குக்கி நடந்துமுடிந்ததைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நான் உங்கள் தளத்துக்கு வருவதற்கு முன்பே என் ஃபோனிடமும் கணினியிடமும் அசைவு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 2013-இல் ஐபோனின் ஏழாவது ஐஓஎஸ் வந்தபோது ஆப் திறக்கும்போதெல்லாம் திரை பாய்ந்து முன்னால் வருகிற மாதிரி செய்திருந்தார்கள், பலருக்கும் தலை சுற்றியது, அடுத்த மாதம் வந்த 7.0.3-இல் அசைவைக் குறைக்கும் அமைப்பு அந்தப் பாய்ச்சலையும் நிறுத்தும்படி மாற்றினார்கள். இன்று விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் இப்படி ஒன்று இருக்கிறது. பிரௌசர் அதை உங்கள் பக்கத்துக்கு எடுத்துச் சொல்லும், ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்று பெயர். சஃபாரியில் 2017-லிருந்தும், ஃபயர்ஃபாக்ஸில் 2018-லிருந்தும், குரோமில் 2019-லிருந்தும் இருக்கிறது. ஆனால் பிரௌசர் சொல்வதோடு சரி, அதுவாக எதையும் நிறுத்தாது. நீங்கள் கேட்க வேண்டும். கேட்காத தளங்களில் நான் போட்டுவைத்த அமைப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அலையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். எழுத்துகள் ஆறு நொடியில் அடங்கிவிடும், அலை நான் படிக்கும் நேரமெல்லாம் ஓரக்கண்ணில் ஆடிக்கொண்டிருக்கும். வலைப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறைகளில் 2.2.2 என்ற விதி இதையேதான் சொல்கிறது: தானாகத் தொடங்கி, ஐந்து நொடிக்கு மேல் நீடித்து, படிக்க வேண்டிய மற்ற விஷயத்தோடு சேர்ந்து நகர்கிற எதற்கும் நிறுத்தவோ மறைக்கவோ ஒரு வழி வைக்க வேண்டும். அது அடிப்படை நிலையிலேயே வருகிற விதி. உங்கள் எழுத்துகள் ஆறு நொடி, அலைக்கு முடிவே இல்லை, இரண்டும் இதில் வரும்.

தறிநூல்:

மெல்லநட எழுதியதை முதலில் செய்யுங்கள், பிறகு மற்றது. நானும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உங்கள் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீடு) எழுதிய முறை. எழுத்துகளின் சாதாரண நிலையிலேயே ஒபாசிட்டியை (எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை) பூஜ்யமாக வைத்திருக்கிறீர்கள், அனிமேஷன்தான் அதை ஒன்றாக்கிக் கொண்டுவருகிறது. அனிமேஷனை எடுத்துவிட்டால் எழுத்தைக் காட்ட ஆளில்லை. திருப்பிப் போடுங்கள்: சாதாரண நிலை என்பது எல்லாம் முடிந்து தலைப்பு தெரிகிற நிலை. மறைந்திருப்பதும் இடப்பக்கம் தள்ளியிருப்பதும், அனிமேஷனின் கட்டங்களை எழுதும் கீஃப்ரேமின் தொடக்க வரிக்குள் மட்டும் இருக்கட்டும், ஃபில் மோடில் பேக்வர்ட்ஸ் கொடுத்தால் தன் முறை வரும்வரை ஒவ்வொரு எழுத்தும் மறைந்தே காத்திருக்கும். இப்படி இருந்தால் குக்கி தவறினாலும், ஸ்கிரிப்ட் வராமல் போனாலும், ஜாவாஸ்கிரிப்டையே அணைத்து வைத்திருந்தாலும் தலைப்பு தெரியும். ஒரு அலங்காரம் வேலை செய்யாதபோது தலைப்பு காணாமல் போகக்கூடாது.

வெட்டு விழுவதற்குக் காரணம் ஸ்கிரிப்ட் பக்கத்தின் அடியில் இருப்பது. பிரௌசர் தலைப்பை வரைந்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான் உங்கள் முடிவு வருகிறது. முடிவெடுக்கும் நாலு வரியை மட்டும் ஹெட் பகுதியில், வெளி ஃபைலாக இல்லாமல் பக்கத்திலேயே, எழுதுங்கள். அதன் தீர்ப்பு ஓட்டலாம் என்றால் மட்டும் எச்டிஎம்எல் என்ற வேர் உறுப்பில் ஒரு கிளாஸைச் சேர்க்கட்டும், அந்தக் கிளாஸ் இருந்தால்தான் சிஎஸ்எஸ் அனிமேஷனைத் தொடங்க வேண்டும். இப்போது நீங்கள் செய்வது ஓடுகிறதைப் பிடித்து நிறுத்துவது. இனிமேல் நிற்பதுதான் வழக்கம், ஓடுவதற்குத்தான் அனுமதி வேண்டும். உடல் பகுதி வரையப்படும் முன்பே முடிவு வந்துவிடுவதால் அந்தத் துளி அசைவும் இருக்காது.

அந்த நாலு வரி கேட்க வேண்டிய வரிசை முக்கியம். வாசகர் உங்கள் தளத்திலேயே பட்டன் அழுத்தி எதையாவது தேர்ந்தெடுத்திருக்கிறாரா? இருந்தால் அதுவே முடிவு, மேலே கேட்கத் தேவையில்லை. இல்லையென்றால் அவருடைய கருவி அசைவு வேண்டாம் என்கிறதா? மேட்ச்மீடியா என்ற பிரௌசர் வசதியில் கேட்டால் சொல்லிவிடும், ஆமாம் என்றால் நிறுத்து. இரண்டும் இல்லாவிட்டால்தான் எண்ணிக்கைக் குக்கி. விண்டோஸில் சிலர் வேகத்துக்காகவும் அனிமேஷனை அணைத்து வைத்திருப்பார்கள், அவர்களில் யாருக்காவது உங்கள் தலைப்பு ஓடுவதைப் பார்க்க ஆசை இருந்தால் பட்டன் இருக்கிறது, அதனால்தான் பட்டனை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

பட்டனுக்குத் தனிக் குக்கி வையுங்கள். எண்ணிக்கை மறந்துபோனால் பெரிய நஷ்டம் இல்லை, ஒருவர் தன் கையால் நிறுத்தியது மறந்துபோகக் கூடாது. அதற்கு ஒரு வருடம் கொடுங்கள், ஒவ்வொரு வருகையிலும் புதுப்பியுங்கள். 400 நாளுக்கு மேல் கேட்டால் குரோம் 400-க்குக் குறைத்துவிடும், ஒரு வருடம் அதற்குள் அடங்கும். இதையும் அந்தக் குட்டி பிஎச்பி ஃபைல் வழியாகவே அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஐபோனில் ஏழு நாள் கழித்து அதே கதை.

அனிமேஷன் முடிந்ததும் வேறு ஏதாவது நடக்கும்படி எழுதியிருக்கிறீர்களா? உதாரணமாக மெனு அதற்குப் பிறகுதான் தெரியும் என்பது போல. இருந்தால் கவனம். அனிமேஷன் ஓடாவிட்டால் அது முடிந்தது என்ற செய்தியும் வராது, மெனு வராமலே இருந்துவிடும்.

வேப்பங்குச்சி:

பின்னிரவு சொன்னது புரிந்தது, அந்த ஏழு நாள் விதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை, நானும் என் தளத்தில் மாற்ற வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். பக்கத்தில் ஜிஃப் படம் இருந்தால் என்ன செய்வது? சிஎஸ்எஸ் சொல்வதை அது கேட்காது. முன்பெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில் எஸ்கேப் விசையை அழுத்தினால் ஜிஃப் நின்றுவிடும், அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

பின்னிரவு:

ஜிஃபை நிறுத்த முடியாது, மாற்றத்தான் முடியும். பிக்சர் உறுப்புக்குள் இரண்டு படம் கொடுக்கலாம், அசைவு வேண்டாம் என்றவருக்கு அசையாத படம், மற்றவருக்கு ஜிஃப், தேர்வைப் பிரௌசரே செய்துகொள்ளும், ஸ்கிரிப்ட் தேவையில்லை. குக்கியையும் பார்த்து மாற்ற வேண்டுமென்றால் அசையாத படத்தை இயல்பாக வைத்துவிட்டு, ஓட்டலாம் என்று முடிவான பிறகு ஸ்கிரிப்ட் ஜிஃபை ஏற்றட்டும். பெரிய ஜிஃபாக இருந்தால் தேவையில்லாதவருக்கு டவுன்லோடும் மிச்சம்.

நாலாம்பக்கம், ஐரோப்பாவிலிருந்து வாசகர்கள் இருக்கிறார்களா? அங்கே விதி ஆளைப் பற்றிய தகவலை வைப்பதற்கு மட்டும் இல்லை, வாசகரின் கருவியில் எதை எழுதிவைத்தாலும் பொருந்தும், வெறும் ஒரு இலக்கமாக இருந்தாலும்கூட. லோக்கல் ஸ்டோரேஜுக்கும் அதேதான். பட்டனை அழுத்திக் கேட்டு வாங்கிய தேர்வை நினைவில் வைப்பதற்கு அனுமதி கேட்கும் பேனர் தேவையில்லை என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2012-இல் கொடுத்த விளக்கத்தில் இருக்கிறது. தானாக எண்ணும் குக்கியை யாரும் கேட்கவில்லை, அதனால் அது அந்த விலக்கில் அவ்வளவு சுலபமாக அடங்காது.

நாலாம்பக்கம்:

இருக்கிறார்கள், கணிசமாகவே. அந்தக் கடிதம் எழுதியவரும் அங்கிருந்துதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். என்ன செய்தோம் என்று எழுதிவிடுகிறேன், பின்னால் இதே பிரச்சினையோடு வருகிறவருக்கு உதவும்.

எண்ணிக்கைக் குக்கியையே எடுத்துவிட்டோம். மூன்று முறை என்று ஏன் வைத்தோம் என்று நாங்களே பேசிப் பார்த்தோம், ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை, செய்த உழைப்பை நாலு தடவை பார்க்கட்டும் என்ற ஆசைதான் அது. இப்போது செஷன் ஸ்டோரேஜில் ஒரு குறி மட்டும், அந்த டேப் திறந்திருக்கும்வரை ஒரே ஒரு முறை ஓடும், டேபை மூடினால் குறியும் போய்விடும். எழுத்துகள் பக்கவாட்டில் ஓடுவதை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே மங்கலிலிருந்து தெளியும்படி செய்தோம், மொத்தம் ஒன்றரை நொடி. கருவி வேண்டாம் என்றால் அதுவும் இல்லை. அலை இப்போது அசையாமல் நிற்கிறது, தலைப்புக்குப் பக்கத்தில் "அலையை ஓடவிடு" என்று ஒரு பட்டன், அழுத்தினால் ஓடும், அதே பட்டன் "நிறுத்து" என்று மாறும், அந்தத் தேர்வுக்கு மட்டும் சர்வரிலிருந்து ஒரு வருடக் குக்கி. தறிநூல் கேட்டது போலவே மெனு அனிமேஷன் முடிந்த பிறகுதான் வரும்படி எழுதியிருந்தேன், நான் கவனித்திருக்கவே மாட்டேன், அதையும் பிரித்துவிட்டேன்.

ஐபோன் நண்பரிடம் அடுத்த இதழ் வரும்போது பட்டனை நினைவு வைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். கடிதம் எழுதிய வாசகருக்கும் எழுதினேன். மெல்லநட, உங்களுக்கு முடிந்த ஒரு நாளில் ஒரு தடவை திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா? அவசரமே இல்லை. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மெல்லநட:

காலையில் திறந்தேன். முதலில் கணினியில் அசைவைக் குறைக்கும் அமைப்போடு பார்த்தேன், எதுவும் அசையவில்லை, தலைப்பு உடனே இருந்தது. பிறகு அமைப்பை அணைத்துவிட்டும் பார்த்தேன், எழுத்துகள் தெளிவது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அலைப் பட்டனை அழுத்தவில்லை.

ஒரே ஒரு குறை, ஃபோனில் அந்தப் பட்டன் மிகவும் சின்னதாக இருக்கிறது, மெனுவைத் தொடப்போய் விரல் அதன்மேல் பட்டுவிடும் போலிருக்கிறது. கொஞ்சம் தள்ளி வையுங்கள். புது இதழின் முதல் கட்டுரையைக் கடைசிவரை படித்தேன்.